சென்ற பருவத்துத் தமிழ்த் தொடர்கள்: சுங்கை சிப்புட் வீட்டு டிவியில் எது தேறும், எது தேறாது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், விடியற்காலையில் தோட்டத்துப் பெரட்டுக்கோ (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) பேக்டரி பஸ்ஸுக்கோ கிளம்ப வேண்டிய வீட்டில் ராத்திரி டிவிக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. அதற்குள் நாலைந்து தொடர்கள் முண்டியடிக்கின்றன. எனவே நடிப்பும் கதையும் நன்றாக இருக்கின்றனவா என்பதோடு, ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து பார்த்தால் கதை எத்தனை அடி நகர்கிறது என்பதையும் வைத்துத்தான் இங்கே தரம் பிரித்திருக்கிறோம். 2024 அக்டோபரில் பிக் பாஸ் எட்டாவது சீசன் தொடங்கியதிலிருந்து அடுத்த ஓராண்டுக்குள் ஓடியவைதான் கணக்கில் சேரும்.

முதலில் ஒரு கணக்கு. அரை மணி நேரத் தொடரில் விளம்பரம் போக மிஞ்சுவது 20 முதல் 22 நிமிடம். அதில் முன்கதைக்கு ஒன்றிரண்டு நிமிடம் போகும், கடைசியில் நாளைய முன்னோட்டத்துக்கு இன்னும் அரை நிமிடம். பிறகு இருக்கவே இருக்கிறது முகம் காட்டும் சடங்கு. கூடத்தில் எட்டுப் பேர் நிற்கிறார்கள், ஒருத்தி ஓர் உண்மையைப் போட்டு உடைக்கிறாள். தலைக்கு மூன்று வினாடி வீதம் எட்டு முகத்தையும் காட்டி, இடி இசையோடு இன்னொரு சுற்று வந்தால் 48 வினாடி தீர்ந்தது. ஒரு எபிசோடில் இது நாலு தடவை நடந்தால் மூன்று நிமிடத்துக்கு மேல் வெறும் முழிப்புதான். இயக்குநருக்குக் கதை சொல்லத் தெரியாததால் வரும் வினை இல்லை இது. தினம் ஒரு எபிசோடு தயாராகி ஒளிபரப்புக்குப் போயாக வேண்டும். ஒரே கூடத்தில் எல்லாரையும் நிறுத்திவிட்டால் விளக்கும் கேமராவும் இடம் மாற வேண்டியதில்லை, வேலை சீக்கிரம் முடியும். இந்தியாவில் வாராவாரம் வியாழக்கிழமை ரேட்டிங் வெளியாகிறது. ஒரு தகராறு நன்றாக ஏறினால் அதை முடிக்க மனசு வராது, இழுப்பார்கள். எந்தத் தொடர் இந்தப் பிடியிலிருந்து கொஞ்சமாவது திமிறியது என்பதுதான் எங்கள் உரைகல்.

அந்த வகையில் பருவத்தின் முதல் இடம் விஜய் டிவியின் சிறகடிக்க ஆசைக்கு. 2023 ஜனவரியில் தொடங்கிய இந்தத் தொடரை இயக்குபவர் எஸ். குமரன். கார் ஓட்டும் முத்துவாக வெற்றி வசந்த், பூ விற்கும் மீனாவாக கோமதி பிரியா. ஆனால் கதையின் எஞ்சின் மூத்த மருமகள் ரோகிணிதான். அப்பா மலேசியாவில் பெரிய பணக்காரர் என்று சொல்லி அந்த வீட்டுக்குள் நுழைந்தவள் அவள். அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒரு கறிக்கடைக்காரரைப் பிடித்து, மலேசியா மாமா என்று வேடம் கட்டிக் கூட்டி வருகிறாள். மாமியார் விஜயா மலேசியா என்ற சொல்லைக் கேட்டாலே குழைந்துவிடுகிறார். பூக்கார வீட்டிலிருந்து வந்த மீனாவுக்கு அடுப்படி, மலேசியக்காரர் மகளுக்குத் தனி மரியாதை. தோட்டத்து லயத்து வீட்டிலோ செம்பனைக் காட்டை ஒட்டிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டிலோ உட்கார்ந்து இதைப் பார்க்கிற நமக்கு, கதாசிரியர் நினைத்தே பார்க்காத ஒரு நகைச்சுவை இலவசமாகக் கிடைக்கிறது. விஜயா ஒரு தடவை மலேசியாவின் +60 எண்ணுக்கு வீடியோ கால் போடச் சொல்லியிருந்தால் பொய் மூன்றாம் நாளே முடிந்திருக்கும். ஒருத்தரும் கேட்கவில்லை.

இந்தத் தொடர் தேறியதற்குக் காரணம் பொய்களை அடுக்கியிருக்கும் விதம். ரோகிணியிடம் இருப்பது ஒரே பொய் இல்லை. மேலே மலேசியா அப்பா, அடியில் முந்தைய கல்யாணம், அதற்கும் அடியில் மகன் கிருஷ். 2025-இல் மேல் அடுக்கு உடைந்தது. மற்ற தொடர்களில் இரகசியம் உடைந்தால் கதைக்கு உயிர் போய்விடும் என்று பயந்து, கண்டுபிடித்தவருக்கு விபத்தோ மறதியோ வரவைத்து மூடுவார்கள். இங்கே உடைத்துக் காட்டிவிட்டு, விஜயாவின் பாசம் ஒரே நாளில் வெறுப்பாகப் புரள்வதை அடுத்த கட்டமாக வைத்தார்கள். அடி அடுக்குகள் அப்படியே இருந்ததால் தொடருக்குத் தீனி குறையவில்லை. குறை இல்லாமலில்லை. ரோகிணியின் கணவன் மனோஜ் ஏமாறுவது, பணத்தைத் தொலைப்பது, அதை முத்து கிண்டலடிப்பது என்ற சுற்று அளவுக்கு மீறித் திரும்புகிறது. அந்த வாரங்களில் திங்களும் வெள்ளியும் மட்டும் பார்த்தால் ஒன்றும் குறைந்துபோகாது. முன்கதையே மீதியைச் சொல்லிவிடும்.

இரண்டாவது இடம் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்ற தொடருக்கு. இதை முதல் பாகத்தோடு ஒப்பிடாமல் பேச முடியாது. 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கிய எதிர்நீச்சல் 2024 ஜூனில் முடிந்தது. வீட்டு மருமகள்களை அடக்கி ஆளும் மூத்தவர் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது உடல்நிலை மோசமாகி இறந்துபோனார். அந்த இடத்துக்கு வந்தவர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி. மாரிமுத்துவின் குணசேகரனுக்கு அதட்டலுக்குள்ளேயே ஒரு கேலி ஓடும். ஆளைப் பார்த்தால் பயமாக இருக்கும், வாயைத் திறந்தால் சிரிப்பும் வரும். வேல ராமமூர்த்தி கொண்டுவந்தது வேறு தினுசு, இறுக்கமும் கறுவலும். இரண்டில் எது சரி என்ற பட்டிமன்றம் இன்னும் ஓயவில்லை. எங்கள் கருத்தில் இரண்டாம் பாகம் அந்த இறுக்கத்துக்கு ஏற்ற மாதிரி எழுதப்பட்டதால் இப்போது பொருந்துகிறது. முதல் பாகத்தின் கடைசியில் பொருந்தவில்லை.

2024 டிசம்பர் 23 அன்று வந்த இரண்டாம் பாகத்தில் ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் பார்வதி. ஈஸ்வரியாக கனிகா, ரேணுகாவாக பிரியதர்ஷினி, நந்தினியாக ஹரிப்பிரியா. இயக்குநர் திருச்செல்வத்தின் பலம் அடுப்படிக் காட்சிகள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே நந்தினி கொழுந்தனையும் மாமியாரையும் ஒரே வாக்கியத்தில் குத்துவதும், ரேணுகா குரலைத் தாழ்த்தாமலே பதில் கொடுப்பதும் எழுதி வைத்துப் பேசிய வசனம் மாதிரி இருக்காது. நாலு மருமகள்களும் அடுப்படியில் இருக்கும் வரை தொடர் முதல் தரம். அவர்கள் கூடத்துக்கு வந்து குணசேகரன் முன்னால் வரிசையில் நின்றதும் அந்த 48 வினாடிச் சடங்கு தொடங்கிவிடும். குணசேகரன் மகன் தர்ஷனின் கல்யாணப் பகுதி இதற்கு நல்ல சாட்சி. தாலி யார் கழுத்தில் ஏறும் என்பதை வாரக்கணக்கில் இழுத்து, மண்டபத்துக்குப் போகும் வழியையே தனிக் கதையாக்கினார்கள். அந்தப் பகுதியைப் பிறகு பார்க்கிறவர்களுக்கு ஒரு யோசனை: வாரத்துக்கு சனிக்கிழமை எபிசோடு ஒன்று போதும்.

சிங்கப்பெண்ணே நம் ஊருக்கு நெருக்கமான பின்னணி. கிராமத்திலிருந்து சென்னைக்குப் போய் ஆயத்த ஆடை பேக்டரியில் வேலை பார்க்கும் ஆனந்தி, அங்கே அன்பு, மகேஷ் என்று இருவர். 2023 அக்டோபரில் வந்தபோது தையல் வரிசை, சூப்பர்வைசர் அதட்டல், ஹாஸ்டல் வார்டன் என்று வேலையிடத்தையே கதையாக்கியிருந்தார்கள். பேக்டரி பஸ் ஏறுகிற பெண்கள் உள்ள எந்த வீட்டிலும் அது ஒட்டிக்கொள்ளும். சென்ற பருவத்தில் கர்ப்ப மர்மம் முன்னுக்கு வந்து, தையல் மெஷின் பின்னுக்குப் போய்விட்டது. ஆனந்தியாக வரும் மனிஷா மகேஷின் நடிப்பு மட்டும் சரியவில்லை. அழும்போதுகூட வசனம் தெளிவாக விழுகிறது. கயல் என்ற தொடர் 2021-இலிருந்து ஓடுகிறது, அதே குடும்பத்துக்கு அடுத்தடுத்து ஆபத்து, அதே கயல் காப்பாற்றுகிறாள். பழக்கத்தில் பார்க்கிறவர்களுக்கு மட்டும்.

பாக்கியலட்சுமி 2020 ஜூலையில் தொடங்கி 2025 ஆகஸ்டில் முடிந்தது. வங்காளத் தொடர் ஒன்றின் தழுவல். கணவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்ட பிறகு ஒரு இல்லத்தரசி சமையலை வைத்தே எழுந்து நிற்பதுதான் மூலக்கதை. சுசித்ராவின் பாக்கியா முதல் இரண்டு ஆண்டுக்குத் தாங்கினார். அதற்குப் பிறகு பிள்ளைகளின் கல்யாணமும் விவாகரத்தும் மாறி மாறி வந்ததில், கணவன் கோபி கெட்டவனா நல்லவனா என்று எழுதியவர்களுக்கே தெரியாமல் போயிற்று. முடித்ததற்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

பிக் பாஸ் எட்டு: 2024 அக்டோபர் 6 முதல் 2025 ஜனவரி 19 வரை. கமல்ஹாசன் விலகிய இடத்துக்கு விஜய் சேதுபதி வந்தார், வென்றவர் முத்துக்குமரன். ஆரம்பத்தில் வீட்டை ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று கோடு போட்டுப் பிரித்தது நல்ல யோசனை. யார் எந்தப் பக்கம் போகலாம் என்பதே தகராறுக்கு விறகானது. 24 மணி நேரத்துக்குள் ஒருவரை வெளியே அனுப்பிப் பிறகு திரும்பக் கூட்டி வந்தது வெறும் வித்தை. விஜய் சேதுபதி முன்னவர் மாதிரி சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. நேரே கேட்கிறார், பதில் நீண்டால் வெட்டுகிறார். பாதிப் பேருக்கு அது பிடித்தது, பாதிப் பேருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. நேரமில்லாதவர்கள் சனி, ஞாயிறு மட்டும் பார்க்கலாம். வாரத்தில் நடந்த சண்டைக்கெல்லாம் அங்கேதான் குறும்படம் போட்டு விசாரணை நடக்கும், வாரநாள் எபிசோடுகளின் சாரம் அதிலேயே வந்துவிடும்.

குக் வித் கோமாளி ஆறாவது சீசன் 2025-இல் வந்தது. தாமு, மாதம்பட்டி ரங்கராஜ் இருவரோடு கௌஷிக்கும் நடுவராகச் சேர்ந்தார், பட்டம் ராஜுவுக்கு. நான்காவது சீசனோடு வெங்கடேஷ் பட் போன பிறகு இந்த நிகழ்ச்சியில் கண்டிப்பு குறைந்து கொஞ்சல் கூடிவிட்டது. சிரிக்க வைக்கிறதா என்றால் வைக்கிறது. சமையல் கற்கலாமா என்றால் முடியாது. புளி எத்தனை, தண்ணீர் எத்தனை என்று அளவே காதில் விழாது. வெங்காயம் வதங்கும் முன்பே காட்சி கோமாளியின் கூத்துக்குத் தாவும், திரும்பும்போது குழம்பு இறக்கியாயிற்று. செய்து பார்க்க நினைப்பவர் நடுவர் ருசி பார்க்கும் இடத்தில் காதைக் கொடுங்கள். எது கூடியது, எது வேகவில்லை என்று தாமு சொல்வதில்தான் கொஞ்சம் சமையல் மிஞ்சியிருக்கிறது.

இதெல்லாம் வீட்டுக்கு வந்து சேரும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல கட்டத்தில் படம் போனால் அது தொடரின் குற்றமில்லை. அஸ்ட்ரோ, என்ஜாய் என்ற டிஷ் டிவி சேவைகள் இரண்டும் மீசாட் துணைக்கோளிலிருந்து வருபவை. கோள் நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில். சுங்கை சிப்புட்டிலிருந்து கணக்குப் போட்டால் டிஷ் தட்டு நோக்க வேண்டியது மேற்கு-தென்மேற்கு, தரையிலிருந்து 77 பாகை உயரம். அதாவது ஏறக்குறைய உச்சி வானம். எனவே தூரத்துச் செம்பனையோ எதிர்வீட்டு மாடியோ தடையாகாது. தட்டுக்கு மேலே நீளும் கூரை விளிம்பும், வளர்ந்து சாய்ந்த ரம்புத்தான் கிளையும்தான் தடை. மழைக்கும் இதே கணக்கு. ஈப்போவில் கொட்டினால் நம் படம் போகாது, கருமேகம் நம் தலைக்கு மேல் வந்தால்தான் போகும், அது நகர்ந்ததும் தானாக வரும். பெரிய தட்டு போட்டால் மழையில் போகவே போகாது என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 60 சென்டிமீட்டரை 90 ஆக்கினால் பிடிக்கும் பரப்பு இரண்டே கால் மடங்காகும். படம் போகும் நேரம் குறையும். கனமழையில் அப்போதும் போகும்.

மழை இல்லாதபோதும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் முதலில் பார்க்க வேண்டியது பெட்டியை இல்லை, தட்டின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்கும் எல்என்பியை. அதன் பிளாஸ்டிக் மூடி வெயிலில் வெடித்து உள்ளே தண்ணீரோ எறும்போ போயிருக்கும், அல்லது குளவி கூடு கட்டியிருக்கும். அடுத்தது கேபிள் முனையில் திருகும் கனெக்டர். கழற்றிப் பார்த்தால் நடுச் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தால் அதுதான் வில்லன். இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டு, நீர் புகாத டேப்பை நன்றாக இழுத்துச் சுற்ற வேண்டும். கேபிள் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலேறட்டும். மழைத்தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. இடி முழங்கும்போது ஏணி பக்கமே போக வேண்டாம், பெட்டியின் பிளக்கையும் கேபிளையும் இடி நெருங்கும் முன்பே கழற்றி வைப்பது நல்லது. மார்ச் மூன்றாம் வாரத்திலும் செப்டம்பர் கடைசி வாரத்திலும் மதியம் 2 மணி வாக்கில் பளிச்சென்ற வெயிலில் சில நிமிடம் படம் போனால் ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சூரியன் சரியாகத் துணைக்கோளுக்குப் பின்னால் வருகிறது, தட்டு இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் திணறுகிறது. சில நாளில் சரியாகும்.

பதிவு போட்டுப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால், சென்னையில் இரவு 9 என்றால் இங்கே 11.30. நேரலையாக வரும் இறுதிச் சுற்றுகள் நள்ளிரவைத் தாண்டும், திட்டமிட்ட நேரத்துக்கும் முடியாது. எனவே அந்த நிகழ்ச்சியோடு அதற்கு அடுத்ததையும் சேர்த்துப் பதிவு போட்டால்தான் வென்றவர் யார் என்பது மாட்டும். தட்டு வழியாகப் பதிவாவது மழையில் உடைந்தால் உடைந்தபடியேதான் பதிவாகும். இணையம் வழியாக வரும் ஆன் டிமாண்ட் பிரதிக்கு அந்தத் தொல்லை இல்லை. மாலை மழைக் காலத்தில் அதையே நம்பலாம்.

மாதக் கட்டணம் வேண்டாம் என்கிற வீட்டுக்கு அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் டிவி2 இருக்கிறது, தமிழ்ச் செய்தியும் தமிழ் நிகழ்ச்சிகளும் உண்டு. 2019-இல் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திய பிறகு கூரை ஆண்டெனாவில் வருவது டிவிபி-டி2 டிஜிட்டல் மட்டுமே. டிவிக்குள்ளேயே அந்த வசதி இருந்தால் தனிப் பெட்டி வேண்டாம், டிவி2 வருவது 102-இல். யுஎச்எப் ஆண்டெனா தேவை, பழைய நீளக்கம்பி ஆண்டெனா உதவாது. நம் ஊரிலிருந்து திருப்ப வேண்டியது தெற்கே, ஈப்போ கிளேடாங் மலைப்பக்கம். சிக்னல் குறைவு என்று பூஸ்டர் வாங்கினால் அதை ஆண்டெனாவுக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். டிவிக்குப் பின்னால் மாட்டினால் கேபிளில் தேய்ந்துபோன சிக்னலைத்தான் பெருக்கும், கூடவே இரைச்சலையும். ஆண்டெனா இல்லாதவர்கள் ஆர்டிஎம் கிளிக் செயலியில் இலவசமாகப் பார்க்கலாம்.

கடைசியாக உள்ளூர்த் தொடர்கள். அஸ்ட்ரோவின் வானவில் 201-லும் விண்மீன் 202-லும் வருபவற்றை, சென்னைத் தொடர் பார்த்துப் பழகிய கண்ணோடு பார்த்தால் முதலில் ஒட்டாது. சத்தம் வேறு மாதிரி இருக்கும். சென்னையில் பெரும்பாலும் படம் பிடித்துவிட்டுப் பிறகு ஸ்டூடியோவில் டப்பிங் பேசுகிறார்கள், அதனால் தெருவில் நின்று பேசினாலும் குரல் சுத்தமாக விழும். நம்மவர்கள் பல இடங்களில் படப்பிடிப்பிலேயே குரலைப் பிடிக்கிறார்கள். டைல்ஸ் போட்ட தாமான் வீட்டுக் கூடத்தில் அது எதிரொலிக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு நடிப்பதால் நடிகர் நெற்றியில் உண்மையான வியர்வை தெரிகிறது, அது ஒரு லாபம். டிவி சத்த அமைப்பில் பேச்சு அல்லது செய்தி என்ற வகையைத் தேர்ந்தால் எதிரொலி கொஞ்சம் அடங்கும். கீழே மலாய் துணையுரை இருப்பதால் தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளையும் உட்கார்ந்து பார்க்கும்.

கதையில் அடிதடிக் கும்பலை விட்டால் வேறு விஷயமில்லையா என்று கேட்க வைப்பவை இன்னும் இருக்கின்றன. ஆனால் தோட்டம் விற்றுப்போன பின் வீட்டுக்கு அலையும் குடும்பம், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன மகன், பரீட்சை முடிவு நாள் என்று நம் பேச்சிலேயே நம் விவகாரம் வருவதும் இவற்றில்தான். சமூகப் பிரச்சினைகளைப் பேசும் விழுதுகள் மாதிரியான உரையாடல் நிகழ்ச்சியும் இங்கே கிடைப்பதுதான், சென்னையிலிருந்து வராது. எல்லாவற்றையும்விட இவை முடிகின்றன. இருபது எபிசோடு, எபிசோடுக்கு 22 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 7 மணி 20 நிமிடம். தொடர் முடியும் வரை காத்திருந்து ஆன் டிமாண்டில் சனி இரவு மூன்றரை மணி நேரமும் ஞாயிறு மதியம் மீதியும் வைத்தால் கதை மறக்காமல் முழுசாகப் பார்த்துவிடலாம். ரொம்ப நாள் தள்ளிப் போட வேண்டாம். உரிமக் காலம் முடிந்ததும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், பதினைந்தாவது எபிசோடில் நிறுத்தியவருக்கு மீதி ஐந்தும் கிடைக்காது.